செங்கல்லின் பதினைந்து பயன்கள்

தலைமையாசிரியர் அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கம்பி சிவந்து, தூசி கருகும் வாசனை வந்தது. மேஜை மேல் நாற்பத்தொரு விடைத்தாள்கள். எதிரே, பரீட்சை வைத்த ஆபீஸிலிருந்து வந்த மிஸஸ் மாத்தூர், மடியில் சால்வை, கையில் சிவப்புப் பென்சில்.

எங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதியிருந்தார்கள். மிஸஸ் மாத்தூருக்குத் தமிழ் தெரியாது. நான் ஒவ்வொரு தாளாகப் படித்து இந்தியில் சொல்ல வேண்டும், அவர் மார்க் போடுவார் என்பது ஏற்பாடு.

முதல் தாளைப் படித்தேன். செங்கல்லால் வீடு கட்டலாம், கிணறு கட்டலாம், மதில் கட்டலாம், பாலம் கட்டலாம். இரண்டாவது தாள். வீடு, கிணறு, மதில், பாலம். மூன்றாவது தாளும் அப்படியே. நாலாவதைக் கையில் எடுக்கும்போதே எனக்குக் காது சூடாகிவிட்டது.

மிஸஸ் மாத்தூர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"கிரேஸ் ஜி, இந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில் பிறந்தவர்களா?" என்று இந்தியில் கேட்டார். கிண்டல் மாதிரி இல்லை. உண்மையாகவே கேட்பது போல இருந்தது.

பக்கத்து நாற்காலியில் தலைமையாசிரியர் ராமதுரை சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது, பனிமூட்டம்தான்.

போன வாரம் இதே பக்கத்தில், நான் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்து மானம் போன கதையை எழுதப்போக, பழைய மாணவி ஒருத்தி கடிதம் போட்டிருக்கிறாள். "டீச்சர், செங்கல் கதையை எப்போது எழுதுவீர்கள்? எனக்கு இன்றைக்கும் பதினைந்தும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது" என்று பெருமையாக எழுதி, கீழே பதினைந்தையும் எழுதியும் காட்டியிருக்கிறாள். படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரி, எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போர்ஷன் என்ன?

டெல்லி முழுக்கப் பெரிய விளையாட்டு விழா ஒன்றுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. பாலம், ஸ்டேடியம், ஹோட்டல் என்று எங்கே பார்த்தாலும் சாரம் கட்டி நின்றது. நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடியவில்லை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சரோஜினி நகரில் ஒரு சர்க்கார் குவார்ட்டர்ஸின் பின்னறையில், நர்ஸாக இருந்த என் அக்காவோடு குடியிருந்தேன்.

நவம்பர் வாக்கில் கல்வி ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றிலிருந்து சர்க்குலர் வந்தது. பிள்ளைகளின் படைப்பாற்றலை அளக்கப் போகிறார்களாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருவரையோ இருவரையோ எடுத்து, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைப்பார்களாம்.

ராமதுரை சார் கும்பகோணத்துக்காரர், நல்ல மனிதர். சர்க்குலரை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "எல்லாம் சரி டீச்சர், இதுக்குப் போர்ஷன் என்ன?"

"போர்ஷன்னு ஒண்ணும் போடல சார். மாதிரிக் கேள்வி மட்டும் ஒண்ணு குடுத்திருக்காங்க. 'ஒரு செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம்? தோன்றுவதையெல்லாம் எழுது.' பத்து நிமிஷம்."

"அப்ப அதுதான் போர்ஷன். நன்னா தயார் பண்ணிடுங்கோ. நம்ம பேர் கெடக் கூடாது."

நானும் தயார் பண்ணினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்குப் பதில் என்று ஒன்று இருக்கும், அதை டீச்சர் போர்டில் எழுதுவார், பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள், வீட்டில் மனப்பாடம் பண்ணுவார்கள். நான் படித்ததும் அப்படித்தான்.

பாளையங்கோட்டைப் பக்கம் நான் நாலாவது படிக்கும்போது பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு. அதற்கு ஒரு கண் தெரியாது, வலது பக்கமாகப் போனால் உதைக்கும். அதை எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, "போர்டுல உள்ளத எழுது பிள்ள" என்றார்கள். 'பசு ஒரு வீட்டு விலங்கு, அது சாதுவானது' என்று எழுதினேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று நான் பேர் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆக, செங்கல். ஒரு ஞாயிறு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். அக்கா இரண்டு சொன்னாள். கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கலாம், காகிதம் பறக்காமல் மேலே வைக்கலாம். மீதிப் பதின்மூன்றும் என்னுடையவை. அதில் எட்டு 'கட்டலாம்' என்று முடியும். பதினைந்தாவது, 'தேசத் தலைவர்களுக்கு நினைவு மண்டபம் கட்டலாம்.' அதை எழுதிவிட்டு எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

மறுநாள் போர்டில் எழுதிப் போட்டேன். வாரம் முழுக்க ஒப்பிக்க வைத்தேன். டெல்லியிலேயே பிறந்த பிள்ளைகள், வீட்டில் பாதி இந்தி பேசுகிறவர்கள், 'மண்டபம்' என்று எழுதத் திணறினார்கள். பத்துத் தரம் எழுத வைத்துச் சரிபண்ணினேன். பரீட்சையில் அந்த மாதிரிக் கேள்வியே அச்சாக வந்தபோது வகுப்பில் எல்லா முகமும் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நானும்தான் சிரித்தேன்.

வராதவள்

அந்த வாரம் முழுக்க வராத ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் செல்வி. திண்டிவனம் பக்கத்துக் குடும்பம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் கட்டட வேலை, சைட்டுக்குப் பக்கத்திலேயே தகர ஷீட் போட்ட குடிசை. கான்க்ரீட் போடுகிற நாளென்றால் அம்மாவுக்கு நடுவில் நகர முடியாது. கைப்பிள்ளைத் தம்பியைச் செல்விதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் வர மாட்டாள். வந்தால், குளிரில் கன்னம் வெடித்து, யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டரைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்காருவாள்.

தொடர்ந்து பத்து நாள் லீவு லெட்டர் இல்லாமல் வராவிட்டால் பேரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. லெட்டர் யார் எழுதுவது? அவள் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அவள் வராத நாட்களுக்கும் பெரும்பாலும் நான் பிரசென்ட் போட்டுவிடுவேன். பக்கத்து வகுப்பு டீச்சர்களும் இப்படிச் செய்வதுண்டு. அதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை, தர்மம் என்றே நினைத்தோம்.

அந்தச் சைட்டில் வேலை கோடைக்குள் முடிந்துவிடும். முடிந்தால் குடும்பம் மேஸ்திரி கூப்பிடும் இடத்துக்குப் போகும். அந்த இடத்தில் தமிழ்ப் பள்ளி இருக்காது. பள்ளியே இருக்குமோ என்னவோ. அந்த ஹாஸ்டல் என் வகுப்பில் யாருக்காவது நிஜமாகவே தேவைப்பட்டது என்றால் அவளுக்குத்தான். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் செக்ஷன் ஆபீஸர்கள், ஸ்டெனோக்கள். அவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள்.

பரீட்சை அன்றைக்குக் காலையில் செல்வி வந்து சேர்ந்தாள். பதில் எதுவும் தெரியாமல்.

எட்டு வரி

இனி ஹீட்டர் எரியும் அறைக்கு வருகிறேன்.

மிஸஸ் மாத்தூர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பொறுமையாக விளக்கினார். நிறையப் பிள்ளைகள் எழுதுகிற பதிலுக்கு இந்தப் பரீட்சையில் மார்க் கிடையாது. வேறு யாருக்கும் தோன்றாத பதிலுக்குத்தான் மார்க். இதற்கு யாராலும் தயார் செய்யவே முடியாது என்று எண்ணித்தான் கேள்வியை மாற்றாமல் விட்டார்களாம்.

"எழுதிக் கொடுத்த வகுப்பு என்று தெரிந்தால் மொத்தக் கட்டையும் ஒதுக்கிவிட வேண்டும். அதுதான் விதி" என்றார்.

பேசிக்கொண்டே மீதித் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டினார். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் பதினைந்து குட்டை வரிகளின் வடிவம் அவருக்குப் பழகிவிட்டது. ஒரு தாளில் கை நின்றது. அதில் எட்டே வரி, அதுவும் கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் நீளமாக.

"இது?"

செல்வியுடையது. வாங்கிப் படித்தேன். அதற்கு முன்னால் நான் அதைச் சரியாகப் படிக்கவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எட்டு வரிதான் என்று எண்ணிப் பார்த்ததோடு சரி.

'தண்ணி பைப்பு வரிசையில் அம்மா செங்கல் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். அது அம்மாவுக்குப் பதிலாக நிற்கும்.'

'தம்பி தூங்கும்போது இரண்டு பக்கமும் வைத்தால் உருள மாட்டான்.'

'குளிர் காலத்தில் அடுப்பில் சுட்டுச் சாக்கில் சுற்றிக் காலுக்கு அடியில் வைக்கலாம்.'

'மழைத் தண்ணி உள்ளே வந்தால் அரிசி டப்பாவை மேலே ஏற்றி வைக்கலாம்.'

'தூள் பண்ணிப் பாத்திரம் தேய்க்கலாம்.'

'சின்னத் துண்டால் ரோட்டில் கணக்குப் போடலாம். அழிக்க வேண்டாம், மழை அழிக்கும்.'

'பாம்பு வந்தால் போடலாம்.'

'தலையில் எட்டு வைத்து நடக்கலாம். ஒன்பது வைத்தால் கழுத்து வலிக்கும் என்று அம்மா சொன்னாள்.'

முதல் வரியை நான் இந்தியில் சொன்னபோது எனக்கே அர்த்தம் பிடிபடவில்லை. குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வரிசையில் செங்கல் நிற்பதை நான் பார்த்ததில்லை. மிஸஸ் மாத்தூர் சிரித்துவிட்டார். பிரிவினையில் வந்த குடும்பமாம். சின்ன வயதில் அகதிகள் காலனியில் அவர் அம்மாவும் அப்படித்தான் செங்கல் வைப்பாராம். "எங்கள் செங்கல்லைத் தள்ளிவிட்டு ஒருத்தி முன்னால் போய்விட்டாள் என்று தெருவே சண்டைக்கு நின்றிருக்கிறது" என்றார்.

எட்டையும் கேட்டு முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"இவள் வீடு கட்டலாம் என்று எழுதவே இல்லை, பார்த்தீர்களா?"

நான் பார்க்கவில்லை. நாளெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளை அவள்.

"இதுவரை எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு தாள் வரவில்லை" என்றார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "ஆனால் இது இந்தக் கட்டில் இருக்கிறது."

ரெஜிஸ்டர்

"இவளுக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை மேடம்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் மற்ற நாற்பது பேருக்கும் எழுதிக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "அந்த வாரம் முழுக்க இவள் வரவில்லை."

ராமதுரை சார் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அச்சா" என்றார் மிஸஸ் மாத்தூர். அவர் முகம் தெளிந்தது. "அப்படியானால் வழி இருக்கிறது. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைக் கொடுங்கள். அந்த வாரம் இவள் ஆப்சென்ட் என்று இருந்தால் அதைக் குறிப்பில் எழுதி இந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்."

ரெஜிஸ்டர் வந்தது. நானே பிரித்தேன். செல்வி பேருக்கு நேரே, அந்த வாரத்தின் ஆறு கட்டத்திலும் பிரசென்ட். என் கையெழுத்து, என் நீல மை.

அவளுடைய பேரைக் காப்பாற்றப் போட்ட கோடுகள் அவை. வாயை மூடிக்கொண்டு, "நான்தான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேலை நிரந்தரம் ஆக இன்னும் மூன்று மாதம் இருந்தது. சொல்லத்தான் நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

"இது பொய் மேடம். அவள் வரவில்லை. பேர் அடிபடக் கூடாது என்று நான்தான் போட்டேன்" என்றேன்.

"டீச்சர்! என்ன பேசறேள் நீங்க?" என்றார் ராமதுரை சார், தமிழில்.

"உள்ளதத்தான் சார் சொல்றேன்."

மிஸஸ் மாத்தூர் ரெஜிஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதிக் கொடுத்தேன் என்கிறீர்கள். ரெஜிஸ்டரும் பொய் என்கிறீர்கள். இதில் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது நான்?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அழுதால் இன்னும் கேவலமாக இருக்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: "அந்தப் பெண் இன்றைக்கு வந்திருக்கிறாளா? கூப்பிடுங்கள். அவள் வாயாலேயே சொல்லட்டும், எனக்கு அது போதும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செல்வி வந்தாள்

வகுப்புக்கு நானே ஓடினேன். வரும்போது வராந்தாவில் வைத்து அவள் தலையைக் கையால் தடவி ஒதுக்கிவிட்டேன். "பயப்படாதே. அந்த மேடம் கேக்கிறதுக்கு நல்லா பதில் சொல்லணும், என்ன?" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லித்தரக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

மிஸஸ் மாத்தூர் அவளை ஹீட்டர் பக்கம் நிற்கச் சொன்னார். செல்விக்கு இந்தி எங்களையெல்லாம்விட நன்றாக வரும், சைட்டில் பழகினது. "மகளே, செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம்? சொல்லு பார்க்கலாம்" என்று மெதுவாகக் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சிரித்து, தலையை ஆட்டினேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்து, தமிழில், கணீரென்று ஆரம்பித்தாள்:

"செங்கல்லின் பயன்கள். ஒன்று, வீடு கட்டலாம். இரண்டு, கிணறு கட்டலாம். மூன்று, மதில் கட்டலாம். நான்கு, பாலம் கட்டலாம்..."

ஒன்றுகூட விடவில்லை. அக்கா சொன்ன கதவும் காகிதமும் அதனதன் நம்பரில் வந்தன. 'தேசத் தலைவர்களுக்கு நினைவு மண்டபம்' என்பதை மற்ற எந்தப் பிள்ளையையும்விடச் சுத்தமாக உச்சரித்தாள். முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மிஸஸ் மாத்தூருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வீடு, கிணறு, மதில், பாலம் என்பதற்குள் அவருக்கே தமிழ் பழகியிருந்தது. செல்வியின் தாளைத் தூக்கிக் காட்டி, "இதில் வேறு எழுதியிருக்கிறாயே? தண்ணீர் வரிசை, தம்பி?" என்று கேட்டார்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பதிலைத் தமிழில் என்னிடம் சொன்னாள்.

"அது தப்புங்க டீச்சர். அந்த வாரம் நான் வராததால தெரியாம எழுதிட்டேன். அப்புறமா பத்மா நோட்ட வாங்கி எல்லாம் எழுதிக்கினேன். நீங்கதான சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். பரீட்சை முடிந்து தாள் வாங்கும்போது, "என்னது, எட்டுதானா? பத்மாகிட்ட நோட்டு வாங்கி விட்டதெல்லாம் எழுதிக்கோ" என்று சொன்னேன். யார் லீவு போட்டாலும் சொல்வதுதான். நாலைந்து நாளில் உட்கார்ந்து படித்து முடித்திருக்கிறாள், தம்பியை மடியில் வைத்துக்கொண்டோ என்னவோ. அவள் சொன்னதை இந்தியில் சொன்னேன்; பதினைந்தையும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவில்லை என்று குறிப்பில் எப்படி எழுதுவது என்று மிஸஸ் மாத்தூர் கேட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, நிரந்தரம் ஆவது ஒரு வருஷம் தள்ளிப் போனது. மெமோவில் கையெழுத்துப் போட்ட ராமதுரை சார், "போர்ஷன்னு சொன்னவன் நான்தானே" என்று அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஹாஸ்டல் இடம் வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனது. மே மாதம் செல்வியின் குடும்பம் ஃபரிதாபாத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நான் சைட்டுக்குப் போய்ப் பார்த்தபோது குடிசைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் மிஸஸ் மாத்தூர் உடனே கைவிட்டுவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கட்டைக் கட்டி வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, மேஜை ஓரத்தில் கிடந்த காலி மசிப்புட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"செங்கல் போகட்டும் மகளே. இந்தப் புட்டியை வைத்து என்னென்ன செய்யலாம்? உனக்குத் தோன்றுவதைச் சொல்லு. எது சொன்னாலும் சரிதான்."

செல்வி புட்டியைப் பார்த்தாள். கையை நீட்டி, மூடியைக் கொஞ்சம் திருகி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கண்ணில் ஏதோ வந்தது, உதடு பிரிந்தது.

பிறகு அவள் புட்டியை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தாள். மறுபடி கையைக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், இது இன்னும் நடத்தலியே" என்றாள். "எப்ப நடத்துவீங்க?"